அயர்லாந்துக் கிராமத்தில் ஏன் இரண்டு தேவாலயங்கள்?

அயர்லாந்தின் கிராமப்புறத்தில் காரில் அரை மணி நேரம் போனாலே ஒரு விஷயம் கண்ணில் படும். ஊருக்குள் பெரிய தேவாலயம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதே ஊரில், கொஞ்சம் தள்ளி, கல்மதிலுக்குள் இன்னொன்று: சதுரக் கோபுரம், சாய்ந்த கல்லறைக் கற்கள், இருண்ட யூ மரங்கள், பூட்டிய கேட். முதலாவது கத்தோலிக்கருடையது. இரண்டாவது யாருடையது என்று விசாரித்தால் "அது புராட்டஸ்டன்ட் சர்ச்", "இங்கிலீஷ்காரன் கட்டினது", "பண்ணையார் குடும்பம் போறது" என்று ஆளுக்கொரு பதில் வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எதுவும் முழு உண்மை இல்லை.

அந்தப் பூட்டிய கட்டடத்தை வெறும் வழிபாட்டிடமாகப் பார்ப்பதால்தான் இவ்வளவு குழப்பம் என்பது என் எண்ணம். சுமார் 300 ஆண்டுகள் அது ஊரின் ஆபீஸாகவும் இருந்தது. வரி வசூல், ஞானஸ்நான ஏடு, இடுகாடு, அநாதைப் பிள்ளைக்குச் சோறு எல்லாம் அதன் பெயரில்தான் நடந்தன. அந்த ஆபீஸுக்குப் பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் உள்ளே போய்ப் பிரார்த்தனை செய்யாதவர்கள். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் சிக்கல் தானாகப் பிரியும்.

## பெயரில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலிக்கன் என்றதும் ஆங்கிலேயர் ஞாபகம் வருவது இயல்பு. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் போப்பாண்டவரின் அதிகாரத்தை ஏற்க மறுத்தார். ஆனால் பிஷப், குருவானவர், சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் பகுதி) என்ற பழைய அமைப்பு அப்படியே நீடித்தது. அந்த ஏற்பாட்டிலிருந்து கிளைத்த சபைகளின் குடும்பத்துக்குப் பெயர்தான் ஆங்கிலிக்கன். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. அதனால் சி.எஸ்.ஐ. வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொற்கள் புதிதாக இருக்காது.

அயர்லாந்தில் இந்தக் குடும்பத்தின் கிளைக்கு 'அயர்லாந்து சபை' என்று பெயர். 1536-ல் டப்ளின் பாராளுமன்றம் எட்டாம் ஹென்றியைச் சபைக்குத் தலைவராக ஏற்றுச் சட்டம் போட்டது. கதீட்ரல்களும் ஊர்த் தேவாலயங்களும் அவற்றின் நிலங்களும் காலப்போக்கில் மன்னர் பக்கம் போயின. மக்கள்தான் போகவில்லை.

ஒரு பரம்பரை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளுக்குள் தகராறு. பத்திரம் ஒருவர் பெயருக்கு மாறிவிட்டது. அந்த வீட்டில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே போய் ஓலைக்கொட்டகை போட்டுக்கொண்டார்கள். ஆனால் தாத்தா படத்தை மட்டும் இரண்டு தரப்பும் விடவில்லை. இங்கே தாத்தா புனித பேட்ரிக். வடக்கே ஆர்மா நகரில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு கதீட்ரல்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக் கதீட்ரல்தான். பழைய குன்று ஆங்கிலிக்கன் கையில். 19-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் கட்டியது எதிர்க்குன்றில். இரண்டு சபைகளின் தலைமைப் பேராயரும் அயர்லாந்து முழுமைக்கும் தாமே முதல்வர் என்ற பட்டத்தோடு அதே ஊரில் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் அது இங்கிலீஷ்காரன் சபைதானே? அதிகாரம் வந்தது லண்டனிலிருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள்ளும் ஒரே கட்டத்துக்குள் அடைபடாத ஆட்கள் இருந்தார்கள். கிழக்கு இங்கிலாந்தில் பிறந்த வில்லியம் பெடல், கேவன் மாவட்டத்தில் கில்மோர் பிஷப்பாக வந்தார். வந்தவர் ஐரிஷ் மொழியைக் கற்று, பழைய ஏற்பாட்டை அந்த மொழியில் பெயர்க்க ஏற்பாடு செய்தார். 1641-ல் வெடித்த கலகத்தில் அவர் கலகக்காரர்களிடம் கைதி. 1642-ல் இறந்தபோது அதே கலகக்காரர்கள்தான் துப்பாக்கி வேட்டு மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள். அவர் தயாரித்த மொழிபெயர்ப்பு அச்சேறியது 1685-ல்.

இன்னொரு குழப்பம்: புராட்டஸ்டன்ட் எல்லாரும் ஆங்கிலிக்கன் இல்லை. வடக்கே அல்ஸ்டரில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய பிரெஸ்பிட்டீரியன்கள் ஏராளம். அவர்களுக்கு பிஷப் என்ற பதவியே கிடையாது. இடையன்குடியில் அடக்கமாகியிருக்கும் நம் கால்டுவெல் 1814-ல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், அப்படிப்பட்ட ஒரு ஸ்காட்டிஷ் குடும்பத்தில். அவர் ஆங்கிலிக்கன் ஆனது தமிழ்நாட்டுக்கு வந்த பிறகுதான். அவர் பிறந்த காலத்து அயர்லாந்தில் பிரெஸ்பிட்டீரியனும் ஆங்கிலிக்கன் குருவானவருக்கு வரி கட்டியாக வேண்டும். அந்த வரிதான் அடுத்த விஷயம்.

## போகாதவரும் கட்டிய சந்தா

நூறு வீடுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் ஒரு கிளப் ஹவுஸ். அதைப் பயன்படுத்துகிறவர்கள் 12 வீட்டார். பராமரிப்புப் பணமோ நூறு வீட்டாரும் கட்ட வேண்டும். மீதி 88 பேர் அதைக் கட்டிவிட்டு, தங்களுக்கு வேண்டிய கூடத்தைத் தனியாகக் கைக்காசில் கட்டிக்கொள்ள வேண்டும். சங்கத்தின் நிர்வாகிகள் யார்? அந்த 12 பேரிலிருந்து மட்டும்.

இந்த 12 கற்பனை எண் இல்லை. 1861 மக்கள்தொகைக் கணக்கின்படி அயர்லாந்து சபையைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர். கத்தோலிக்கர் சுமார் 78 பேர். ஆனாலும் சட்டப்படி நாட்டின் சபை அதுதான். இப்படி அரசே தனதென்று ஏற்று, சட்டத்தாலும் வரியாலும் தாங்கிப் பிடிக்கும் சபையை இந்தக் கட்டுரையில் அரசுச் சபை என்று சொல்கிறேன்.

வரியின் பெயர் தசமபாகம்: விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, ஊர்க் குருவானவரின் பிழைப்புக்கு. காகிதத்தில் எல்லாருக்கும் பொது. நடைமுறையில் அப்படி இல்லை. 1735-ல் மேய்ச்சல் நிலத்துக்கு விலக்குக் கிடைத்துவிட்டது. நூறு மாடு மேய்த்தவர் தப்பித்தார். தெற்கே மன்ஸ்டர் பகுதியில் கால் காணியில் உருளைக்கிழங்கு போட்டவன் மாட்டிக்கொண்டான்.

1823-ல் இதைத் தானியமாக வாங்காமல் பணமாக வாங்க ஒரு சட்டம் வந்தது. எந்த நிலத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டுமே? அதற்காகச் சேகரம் சேகரமாக, நிலம் வைத்திருந்தவர் பெயர், ஊர்ப் பெயர், பரப்பு, கட்ட வேண்டிய தொகை என்று ஏடுகள் எழுதப்பட்டன. இம்முறை மேய்ச்சல் நிலமும் கணக்கில் வந்தது. வசதியான கத்தோலிக்க விவசாயிக்கும் கோபம் வந்தது. ஏழையின் முணுமுணுப்போடு பணக்காரரின் ஆத்திரமும் சேர்ந்ததும் 1830-களின் தொடக்கத்தில் தசமபாகப் போர் மூண்டது. பெயர்தான் போர். நடந்தது பெரும்பாலும் வரிமறுப்பு. ஜப்தி செய்த மாட்டை ஏலத்தில் எடுக்க ஊரில் ஒருவரும் முன்வர மாட்டார்கள். ஆனால் ரத்தமும் சிந்தியது. 1831 டிசம்பரில் கில்கென்னி மாவட்டத்து கேரிக்ஷாக்கில் சம்மன் கொடுக்கப் போனவரும் காவலுக்குப் போன போலீசாரில் பத்துக்கும் மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். ஊர்க்காரர் தரப்பிலும் உயிர் போயிற்று. 1834 டிசம்பரில் கார்க் மாவட்டத்து ராத்கார்மக்கில் ஒரு விதவையின் 40 ஷில்லிங் பாக்கிக்காகப் பட்டாளம் வந்து சுட்டது.

1838-ல் அரசு ஒரு தந்திரம் செய்தது. தொகையில் கால் பங்கைக் குறைத்து, கட்டும் பொறுப்பை நிலச்சுவான்தார் தலையில் வைத்தது. அவர் அதைக் குத்தகையோடு சேர்த்துக் கறந்தார். வரி போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டது.

சுருக்கமாக: சபை சிறியது, அதிகாரம் பெரியது, செலவு ஊர்ப் பணம். அந்த ஆத்திரத்தில் பிறந்த வரி ஏடுகள்தான் இன்று 1820, 30-களில் எந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று தேடும் எவருக்கும் முதல் துணை. கொள்ளுத்தாத்தா விரும்பிக் கட்டாத வரியில்தான் அவர் பெயர் மிஞ்சியிருக்கிறது.

## சேகரம் என்பது ஊர் நிர்வாகம்

சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் பகுதி. பங்கு என்றாலும் அதுதான். அயர்லாந்தின் சேகர எல்லைகள் இடைக்காலத்திலேயே வகுக்கப்பட்டவை. போப்பாண்டவரிடமிருந்து பிரிந்த 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசுச் சபை அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. அரசாங்கமும் தன் கணக்குகளுக்கு அதே எல்லைகளைப் பயன்படுத்தியது. கத்தோலிக்கச் சபை பின்னாளில் தலைநிமிர்ந்தபோது தனக்கு வசதியாகப் புது எல்லை வகுத்துக்கொண்டது. அதனால்தான் ஒரே ஊர் இரண்டு சபைக் கணக்கில் இரண்டு வேறு பெயருள்ள சேகரத்தில் இருக்கும். முன்னோரைத் தேடி வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சேகரத்துக்குள் இன்னும் சிறிய அலகு டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருக்கிறதே தவிர நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில வயல், சில வீடு, ஒரு பெயர், அவ்வளவுதான். நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. பல, ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. 'பாலி' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் ஐரிஷில் 'பல்யெ', அதாவது இருப்பிடம் என்ற சொல்லிலிருந்து வந்தவை.

சேகரத்தை நடத்திய கூட்டத்துக்கு வெஸ்ட்ரி என்று பெயர். தேவாலயத்தில் குருவானவரின் அங்கி வைக்கும் அறைக்கும் அதே பெயர்தான். அந்த அறையில் கூடியதால் கூட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதை ஒரு பழைய பஞ்சாயத்து என்று நினைத்துக்கொண்டால் தப்பில்லை. கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்ற வேண்டும். வாசலில் யாரோ கைக்குழந்தையை விட்டுப் போய்விட்டார்கள், பால் கொடுக்கும் தாய்க்குக் கூலி தர வேண்டும். நாதியற்ற ஒருவர் இறந்துவிட்டார், சவப்பெட்டி வாங்க வேண்டும். ரோடு போட 17-ஆம் நூற்றாண்டில் ஊரார் ஆண்டுக்கு ஆறு நாள் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்ற சட்டத்தை நடத்தியதும் சேகரம்தான். இதற்கெல்லாம் வெஸ்ட்ரி ஒரு வரி போட்டது. தேவாலயப் பராமரிப்புக்கான அந்த வரி 1833 வரை நீடித்தது, கத்தோலிக்கர் உட்பட எல்லாருக்கும்.

வெஸ்ட்ரி ஏடுகள் மிஞ்சியிருக்கும் ஊர்களில் அவற்றைப் புரட்டுவது தனி அனுபவம். பக்கத்துக்குப் பக்கம் சுண்ணாம்பு, ஆணி, மணிக்கயிறு என்று கணக்கு ஓடும். திடீரென்று நடுவில் பெயரில்லாத ஒரு குழந்தைக்கான செலவு.

## கட்டடமே ஒரு தேதிச் சீட்டு

சரி, இப்போது கேட்டுக்கு வெளியே நின்று கட்டடத்தைப் பார்ப்போம். நீள்சதுரமாக ஒரே ஒரு கூடம். மேற்கு முனையில் சதுரக் கோபுரம், அதன் நான்கு மூலையிலும் கூரான சிறு கல்முடிகள். ஜன்னல்கள் மேலே கூம்பியவை. பல இடங்களில் தெற்குச் சுவரில் மட்டும்தான் ஜன்னல் இருக்கும். வடக்குச் சுவர் மொட்டையாக நிற்கும். குளிர்நாடு, வெயில் தெற்கிலிருந்து.

இப்படி ஒன்றைப் பார்த்தால் அது பெரும்பாலும் 1800-களின் முதல் 30 ஆண்டுகளில் கட்டியது. காரணம், 'முதற்பலன் வாரியம்' என்ற அமைப்பு. புதிதாகப் பதவியேற்ற குருவானவரின் முதல் ஆண்டு வருமானம் முன்பு கருவூலத்துக்குப் போனது. அதற்குப் பெயர் முதற்பலன். 1711-ல் ஆன் அரசி காலத்தில் அந்தப் பணத்தைத் தேவாலயம் கட்டவும் குருவானவருக்கு வீடு கட்டவும் திருப்பிவிட்டார்கள். 1801-ல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்ட பிறகு பாராளுமன்றமும் தாராளமாகப் பணம் கொடுத்தது. பணம் ஒரே இடத்திலிருந்து வந்ததால் பிளானும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. கார்க்கில் பார்த்தாலும் டோனகாலில் பார்த்தாலும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். 1833-ல் ஒரு சட்டம் போட்டு வாரியத்தைக் கலைத்தார்கள். அதே சட்டம் பிஷப் இடங்களில் பத்தைக் குறைத்தது.

பக்கத்தில் மரங்களுக்கிடையில் அடக்கமான ஒரு பெரிய வீடு தெரிந்தால் அது குருவானவரின் பழைய வீடாக இருக்கலாம். அதைச் சுற்றிய மானிய நிலத்துக்கு கிளீப் என்று பெயர். இன்று அயர்லாந்தில் 'ஓல்டு கிளீப்' என்று போர்டு தொங்கும் வீடுகளில் பெரும்பாலும் சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் குடியிருக்கிறார்கள்.

பேச்சு வழக்கிலும் ஒரு தடயம் உண்டு. பழைய தலைமுறையில் 'சர்ச்' என்றால் ஆங்கிலிக்கன் தேவாலயம், 'சேப்பல்' என்றால் கத்தோலிக்கருடையது. ஐரிஷ் மொழியிலும் 'தெம்பல்' என்ற சொல் புராட்டஸ்டன்ட் தேவாலயத்தைக் குறிக்கும். பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பது வாய்ச்சொல்லில் கூடப் படிந்துவிட்டது.

## மண் பொது

ஆனால் கட்டடத்தின் வயதும் இடத்தின் வயதும் ஒன்றில்லை. 'கில்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களில் பல, ஐரிஷில் தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. (சிலது காட்டைக் குறிக்கும் இன்னொரு சொல்லிலிருந்து வந்தது. பெயரை மட்டும் நம்பிக் கதை கட்டக் கூடாது.) 1815-ல் கட்டிய சுவருக்குள் 9-ஆம் நூற்றாண்டுக் கல் நிற்பது அங்கே சர்வ சாதாரணம்.

கில்டேர் மாவட்டத்து காசில்டெர்மட்டுக்குப் போனால் இது கண்கூடு. ஊர்ப் பெயரில் காசில், அதாவது கோட்டை இருந்தாலும், ஐரிஷ் பெயர் 'டீஷர்ட் டியர்மடா', டியர்மட்டின் தனிமைத்தலம் என்று பொருள். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் துறவி அங்கே மடம் அமைத்தார். இன்று அந்த இடத்தில் இருப்பது ஆங்கிலிக்கன் சபையின் புனித யாக்கோபு தேவாலயம். அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல மடத்துக் காலத்து வட்டக் கோபுரம், கருங்கல்லில். புல்வெளியில் இரண்டு உயர்ந்த கற்சிலுவைகள். ஒன்றில் ஆதாமும் ஏவாளும் மரத்துக்கு இருபுறமும் நிற்கிறார்கள். யாழ் மீட்டும் தாவீதும் இருக்கிறார். ஆயிரம் ஆண்டு மழையில் மூக்கும் முழியும் கரைந்து, பக்கவாட்டில் வெயில் விழும்போதுதான் உருவம் எழும்பி வருகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு கல் வளைவு வாசல் தனியாக நிற்கிறது. அதற்குப் பின்னால் கட்டடம் இல்லை, புல்தான். பன்றி முதுகு போல வளைந்த ஒரு வைக்கிங் பாணிக் கல்லறைக் கல்லும் அங்கே கிடக்கிறது. அயர்லாந்தில் அந்த வகையில் தெரியவந்திருப்பது அது ஒன்றுதான். ஐரிஷ் துறவி, வைக்கிங், நார்மன், ஆங்கிலிக்கன் எல்லாரும் ஒரே மதிலுக்குள்.

இடுகாட்டுக்கு வருவோம். ஆங்கிலிக்கன் தேவாலய வளாகத்தில் கத்தோலிக்கப் பெயர்களும் கத்தோலிக்க அடையாளங்களும் உள்ள கற்களைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். திகைக்க ஒன்றுமில்லை. அது ஊரின் பழைய இடுகாடு. பாட்டன் பூட்டனைப் புதைத்த மண்ணை விட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வேறெங்கே போகும்? பூசலெல்லாம் சுவருக்குள்தான், மண்ணுக்கு அடியில் இல்லை. சிக்கல் வேறு: அங்கே கத்தோலிக்கக் குருவானவர் சடங்கு செய்ய முடியாது. அதனால் வீட்டிலேயே ஒரு பிடி மண்ணை மந்திரித்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. 1823-ல் டப்ளினில் ஒரு கத்தோலிக்கரின் அடக்கத்தில் பிரார்த்தனையைத் தடுத்தது பெரிய ரகளையாயிற்று. மறு ஆண்டே சட்டம் மாறியது, ஆனால் ஆங்கிலிக்கன் குருவானவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற முள்ளோடு. அந்த ரணத்தில்தான் எல்லா மதத்தாருக்கும் பொதுவான கிளாஸ்னெவின் இடுகாடு 1832-ல் டப்ளினில் திறந்தது.

இதுவரை வந்ததைத் திரும்பிப் பார்த்தால்: சேகர எல்லை பழையது, இடம் அதைவிடப் பழையது, கட்டடம்தான் இளையது. கட்டடத்தை வைத்து இடத்தை எடை போடுவதுதான் வழக்கமான தவறு.

## சூப்பு குடித்த கதை

இந்தச் சபையைப் பற்றி அயர்லாந்தில் எங்கே பேச்செடுத்தாலும் சூப்பு வந்துவிடும். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். அப்போது மதம் மாறினால்தான் சாப்பாடு என்று சில இடங்களில் நடந்தது. அப்படி மாறியவர்களை 'சூப்பு குடித்தவர்கள்' என்றார்கள். கொள்கையை விற்றவனைச் சொல்ல அந்த வசவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நடந்தது உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் நடக்கவில்லை. மேற்கே ஆக்கில் தீவில் எட்வர்ட் நாங்கிள் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1830-களிலேயே ஒரு குடியிருப்பு, பள்ளிக்கூடம், அச்சகம் என்று மதமாற்றப் பணியை வெளிப்படையாக நடத்தினார். பஞ்சத்தில் அங்கே சோறும் மதமும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டன. அவரைப் பற்றி இன்றும் இரண்டு கட்சி.

தெற்கே கார்க் மாவட்டத்து ஸ்கல் ஊரில் நடந்தது வேறு. அங்கே குருவானவர் ராபர்ட் டிரெய்ல். 1830-களில் அவர் தசமபாகத்தில் ஒரு காசும் விட்டுக்கொடுக்காதவர். கத்தோலிக்கத்தை வாய்கூசாமல் திட்டியவர். ஊரில் யாருக்கும் அவர்மேல் பாசம் இருக்க நியாயமில்லை. பஞ்சம் வந்ததும் அதே மனிதர் கஞ்சித்தொட்டி நடத்தினார், குடிசை குடிசையாகப் போனார், வெளியூருக்கெல்லாம் கடிதம் எழுதிக் காசு கேட்டார். 1847 தொடக்கத்தில் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த ஸ்கல் ஊர்ப் படங்களில், ஒரு குடிசையில் சாகக் கிடப்பவனின் அருகே அவர் உட்கார்ந்திருப்பதும் ஒன்று. அந்த ஆண்டு ஏப்ரலில் பஞ்சக் காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. இவரைப் போல அந்தக் காய்ச்சலில் இறந்த குருவானவர்கள் இரண்டு சபையிலும் உண்டு. தசமபாகத்துக்காக ஊரைப் பகைத்தவரும் ஊருக்காகச் செத்தவரும் ஒரே ஆள் என்பதை ஏற்க மனம் வராதவர்கள்தான் உள்ளூர் வரலாற்றை இரண்டே வண்ணத்தில் எழுதிவிடுகிறார்கள்.

'புராட்டஸ்டன்ட் என்றால் பண்ணையார்' என்பதும் இதே வகை. தேவாலயச் சுவரில் பளிங்குப் பலகை வைத்தவர் பண்ணையார்தான். ஆனால் பலகை வைக்கக் காசில்லாதவர்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேவன், மொனஹன், விக்லோ, மேற்குக் கார்க் எங்கும் சிறு விவசாயிகளும் கொல்லர்களும் கூலிக்காரர்களும் இந்தச் சபையில் உண்டு. லிமெரிக் மாவட்டத்தில் 1709-ல் ஜெர்மனியிலிருந்து அகதிகளாக வந்து குத்தகைக்கு அமர்ந்த குடும்பங்களின் வாரிசுகளும் உண்டு.

## 1871: சபை தனிக்குடித்தனம் போனது

பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1869-ல் கொண்டுவந்த சட்டம், 1871 ஜனவரி 1-ஆம் தேதி முதல் அரசுக்கும் சபைக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. அன்றுமுதல் அது அரசுச் சபை இல்லை, மற்றவற்றைப் போல ஒரு சபை. பிஷப்புகளுக்குப் பிரபுக்கள் சபையில் இடம் போயிற்று. நிலமும் தசமபாகத்தின் மிச்சமும் அரசு நியமித்த ஆணையத்தின் கைக்குப் போயின. பதவியில் இருந்த குருவானவர்களுக்கு ஆயுள் முழுக்க வருமானம் உறுதியானது. புழக்கத்தில் இருந்த தேவாலயங்கள் மட்டும் சபைக்கே திரும்பின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் அறக்கட்டளை அமைப்பு 1870-லேயே உருவாகியிருந்தது.

இதில் ஊர்க்காரருக்குக் கிடைத்த பெரிய லாபம் பலர் கண்ணில் படுவதில்லை. சபை நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்கள் அதைத் தவணையில் வாங்கிக்கொள்ள அந்தச் சட்டம் வழி செய்தது. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். அயர்லாந்தில் குத்தகைக்காரர் நிலச்சொந்தக்காரர் ஆன நீண்ட கதையின் முதல் அத்தியாயம் அது. இடிந்துபோன பழைய தேவாலயங்களில் முக்கியமானவை அரசின் பொதுப்பணித் துறைக்குப் போயின. டிப்பரரி மாவட்டத்தில் சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஏறும் காஷெல் பாறை அப்படித்தான் தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று.

## பத்திரமாக வைக்கப்போய் எரிந்தது

அரசுச் சபையாக இருந்ததால் அதன் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள் அரசு ஆவணங்கள் என்று 1875, 76-ல் சட்டம் வந்தது. அவற்றை டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். ஊரிலேயே தீப்பிடிக்காத பெட்டி வைத்திருக்கிறோம் என்று காட்டி அனுமதி வாங்கினால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

பாதிக்கு மேற்பட்ட சேகரங்கள் பொறுப்பாக அனுப்பிவிட்டன. 1922-ல் உள்நாட்டுப் போர். ஃபோர் கோர்ட்ஸுக்குள் ஒரு தரப்பு, வெளியே பீரங்கியோடு இன்னொரு தரப்பு. ஜூன் 30 அன்று குண்டுவெடிப்பும் தீயும் காப்பகத்தைத் தின்றுவிட்டன. எரிந்த தாள்கள் நகரத்தின்மேல் பறந்தன. ஆயிரம் சேகரங்களின் ஏடுகளும், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குத் தாள்களில் பெரும்பகுதியும் ஒரே நாளில் சாம்பல். பெட்டி வாங்கி ஊரிலேயே வைத்துக்கொண்டவர்களின் ஏடுகள் பிழைத்தன. சிலர் அனுப்புவதற்கு முன் கைப்பட ஒரு நகல் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கைவலிக்கு எத்தனை குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன!

பிழைத்தவற்றில் கணிசமானவை இன்று டப்ளினில் சபையின் நூலகத்தில் இருக்கின்றன. எரிந்தவற்றின் நகல்களையும் குறிப்புகளையும் உலகெங்கும் தேடிச் சேர்த்து, டிரினிட்டி கல்லூரி முன்னின்று உருவாக்கிய இணையக் காப்பகம் ஒன்று தீயின் நூற்றாண்டான 2022-ல் திறந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்.

## கேட் ஏன் பூட்டியிருக்கிறது

வடக்கு அயர்லாந்து நீங்கலான இன்றைய குடியரசுப் பகுதியில் 1911-ல் இந்தச் சபையினர் சுமார் 2,50,000 பேர். 1926-ல் சுமார் 1,64,000. பதினைந்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காணோம். ஒரே காரணம் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் பட்டாளமும் அதிகாரிகளும் குடும்பத்தோடு கிளம்பியது ஒன்று. முதல் உலகப் போரில் இறந்தவர்கள் உண்டு. அவர்கள் பெயர்கள் தேவாலயச் சுவரில் பித்தளையில் இருக்கின்றன. பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டதும் சில இடங்களில் நடந்த கொலைகளும் பயந்து வெளியேறியவர்களும் உண்டு. சத்தமில்லாமல் வேலை செய்த காரணம் கல்யாணம். 1908-ல் அமலான போப்பின் ஆணைக்குப் பிறகு, கலப்பு மணத்தில் பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இரு தரப்பும் உறுதி தர வேண்டும் என்பது கறாரானது. முப்பது குடும்பமுள்ள சேகரத்தில் மாப்பிள்ளை, பெண் எங்கே தேடுவது? காதலித்துக் கட்டினால் அடுத்த தலைமுறை பக்கத்துத் தேவாலயத்துக்கு. கட்டாவிட்டால் அடுத்த தலைமுறையே இல்லை.

இப்போது குடியரசில் சபையினர் சுமார் ஒன்றேகால் லட்சம். ஒரு குருவானவர் நான்கைந்து தேவாலயங்களைப் பார்த்துக்கொள்கிறார். மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறு இங்கே, மற்ற ஞாயிறு வேறு ஊரில். சில கட்டடங்கள் வீடாகிவிட்டன. லவுத் மாவட்டத்து கார்லிங்ஃபோர்டில் இருந்த தேவாலயம் ஊரின் பாரம்பரிய மையமாகியிருக்கிறது. இலையுதிர் காலத்து அறுப்புப் பண்டிகையன்று மட்டும் உள்ளே பூசணியும் ஆப்பிளும் கோதுமைக் கதிருமாக நிறைந்திருக்கும். பெஞ்சுகளில் கத்தோலிக்க அண்டைவீட்டாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

மற்ற நாளில் போய்க் கேட் பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டாம். அறிவிப்புப் பலகையில் வழிபாட்டு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பல ஊர்களில் சாவி அங்கேதான் சமையலறை ஆணியில் தொங்கும், அந்த வீட்டுக்காரர் எந்தச் சபையானாலும் சரி. சாவியை மட்டும் கொடுத்தனுப்பிவிடுவார் என்று நினைக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அவரும் கூடவே வருவார்.